நிர்வாகம் கைகொடுக்காத இடத்தில் வார்டு இன்சார்ஜ் ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது எப்படி?

கேள்வியின் சுருக்கம் இது. கிருஷ்ணகிரியில் 60 படுக்கை உள்ள தனியார் மருத்துவமனை. கேட்பவர் அங்கே நர்சிங் இன்சார்ஜ். அவருக்குக் கீழே 18 பேர். ஒரு ஸ்டாஃப் நைட் டியூட்டிக்கு அடிக்கடி அரைமணி நேரம் தாமதமாக வருகிறார். இன்னொருவர் ஊசி போடாமலே சார்ட்டில் கையெழுத்துப் போடுகிறார். மேலே சொன்னால் "விடுங்க சிஸ்டர், ஆளே கிடைக்கல" என்று முடித்துவிடுகிறார்கள். அந்த இரண்டாமவர் நிர்வாகத்துக்கு வேண்டியவர். எழுதிக் கொடுத்த மெமோவும் காணாமல் போய்விட்டது. இனி என்ன செய்வது?

முதலில் தண்டனை என்ற எண்ணத்தை உங்கள் தலையிலிருந்து இறக்கி வையுங்கள். வேலைக்கு எடுத்தவர்தான் வேலையை விட்டு நீக்க முடியும். சம்பளத்தில் கைவைக்கும் உரிமையும் அவருக்குத்தான், அதுவும் சட்டம் சொல்லும் அளவுக்கு மட்டும். உங்கள் கையில் இருப்பவை மூன்று: அன்றைய ஷிப்டில் நோயாளியைக் காப்பது, நடந்ததை நடந்தபடி எழுதி வைப்பது, முடிவெடுக்க வேண்டியவரிடம் எழுத்தில் கொண்டுபோய் எழுத்தில் பதில் கேட்பது. மூன்றாவதைப் பெரும்பாலான இன்சார்ஜ்கள் வாய்ப்பேச்சோடு விட்டுவிடுகிறார்கள். வாயால் சொன்ன புகாரை நிர்வாகம் மறந்துவிடலாம். தேதியும் சீலும் உள்ள கடிதத்தை அப்படி மறக்க முடியாது.

அடுத்து, உங்கள் பணி நியமன ஆணையையும் வேலைப் பொறுப்புப் பட்டியலையும் எடுத்துப் படியுங்கள். மெமோ கொடுக்கும் அதிகாரம் உங்களுக்கு எழுத்தில் தரப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பல சிறு மருத்துவமனைகளில் அப்படி ஒரு வரியே இருக்காது. இல்லையென்றால் மெமோ என்று தலைப்பிட்டு எதையும் கொடுக்காதீர்கள். "நீங்க யார் மெமோ கொடுக்க?" என்று ஸ்டாஃப் கேட்டு, மேலிடமும் அதற்குத் தலையாட்டிவிட்டால் அதன்பிறகு வார்டில் உங்கள் பேச்சு எடுபடாது. அதையே "மேற்பார்வைக் குறிப்பு" என்று எழுதி ஒரு நகலை ஸ்டாஃபுக்கும் ஒரு நகலை நிர்வாகத்துக்கும் கொடுங்கள். மேற்பார்வை செய்வது உங்கள் வேலை என்பதால் அந்தக் காகிதத்தை அதிகாரம் இல்லை என்று யாரும் தள்ள முடியாது.

இனி உங்களுடைய இரண்டு பிரச்சினைகள். இரண்டையும் ஒரே கோப்பில் போடாதீர்கள், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை.

தாமதத்தை எடுத்துக்கொள்வோம். அந்த ஸ்டாஃப் எங்கிருந்து வருகிறார்? காவேரிப்பட்டினமா, பர்கூரா, மத்தூரா? இரவு 8 மணி டியூட்டிக்கு அவர் ஊரிலிருந்து எத்தனை மணிக்கு டவுன் பஸ், அது எத்தனை மணிக்கு வந்து சேருகிறது, பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்க எவ்வளவு நேரம் என்று கேட்டு எழுதுங்கள். 2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. குறைந்த சம்பளத்தில் இருப்பவர் காசு கொடுத்து வெளியூர் பஸ்ஸில் வராமல் அந்த பஸ்ஸுக்காகக் காத்திருப்பது இயல்பு. பஸ் 8.10க்குத்தான் வருகிறது என்றால் எத்தனை மெமோ கொடுத்தாலும் அவர் 8.20க்குத்தான் வருவார். அவருக்கு மட்டும் 8.30 முதல் காலை 8.30 வரை என்று எழுத்தில் மாற்றிக் கொடுத்து, அந்த அரைமணி நேரத்தை மாலை ஷிப்டில் பக்கத்திலேயே குடியிருப்பவர் பார்க்கட்டும். ஈடாக அந்த மாலை ஷிப்ட் ஸ்டாஃப் மறுநாள் அரைமணி முன்னால் கிளம்பட்டும். இந்த ஏற்பாட்டுக்குப் பிறகும் தாமதம் தொடர்ந்தால் அது பஸ்ஸின் குற்றமல்ல, அப்போது எழுதலாம். எழுதும்போது "அடிக்கடி" என்ற சொல்லே வரக்கூடாது. பயோமெட்ரிக் அல்லது வருகைப் பதிவேட்டில் உள்ள தேதியும் நேரமும், அந்த நேரத்தில் யார் வீட்டுக்குப் போக முடியாமல் காத்திருந்தார் என்பதும் வர வேண்டும்.

மருந்து விஷயம் இதைவிடக் கனமானது. ஆனாலும் குற்றம் சாட்டுவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இரவு 10 மணிக்கு அந்த வார்டில் 14 ஐ.வி. டோஸ் (நரம்பில் போடும் ஊசி) என்று வையுங்கள். வயலில் (மருந்துக் குப்பியில்) உள்ளதைக் கரைத்து, பெயர் சரிபார்த்து, கேனுலா (நரம்பில் செருகிய குழாய்) ஓடுகிறதா என்று பார்த்து, மெதுவாகப் போட்டு, ஃப்ளஷ் செய்து (குழாயைச் சலைன் விட்டுக் கழுவி), எழுத ஒரு நோயாளிக்கு 6 நிமிடம் என்றால் மொத்தம் 84 நிமிடம். ஒரே ஆள், இடையில் ஒரு புது அட்மிஷன் வந்தால் நள்ளிரவு ஆகிவிடும். கிருஷ்ணகிரியில் ஹைவே விபத்துக் கேஸ் எந்த நேரத்திலும் வரும். ஆனால் சார்ட்டில் 10 மணி என்ற கட்டம் மட்டும்தான் இருக்கிறது. அதனால் 11.20க்குப் போட்டதையும் 10 என்று எழுதுகிறார்கள். முதலில் நேரத்தில் பொய், பிறகு முன்கூட்டியே கையெழுத்து, கடைசியில் போடாததற்கும் கையெழுத்து என்று அது வளர்கிறது. ஒரே நேரத்தில் குவியும் டோஸ்களை 9, 10, 11 மணி என்று பிரித்து எழுதச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். உண்மையான நேரத்தை எழுதினால் திட்டு விழாது என்று எல்லோருக்கும் சொல்லுங்கள். சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலின், செப்சிஸ் (உடல் முழுக்கப் பாதிக்கும் கடும் தொற்று) நோயாளியின் முதல் ஆன்டிபயாடிக் போன்றவற்றை மட்டும் தள்ளிப்போட முடியாது என்று தனியாகக் குறியுங்கள். இந்திய நர்சிங் கவுன்சில் பொது மருத்துவமனை வார்டுக்குச் சொல்லும் அளவு 5 நோயாளிக்கு ஒரு நர்ஸ். உங்கள் வார்டு அதிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறது என்பதையும் அறிக்கையில் எழுதுங்கள். இது ஸ்டாஃபைக் காப்பாற்ற மட்டுமல்ல, நிர்வாகத்துக்கும் தெரிய வேண்டிய விஷயம்.

இப்படிப் பார்க்க ஒரு நேர்மையான கேள்வி இருக்கிறது: அதே படிப்பு, அதே அனுபவம் உள்ள வேறொரு நர்ஸை அதே இரவில், அதே கூட்டத்தில் நிறுத்தியிருந்தால் இதையேதான் செய்திருப்பாரா? ஆம் என்றால் பிழை அமைப்பில் இருக்கிறது, அதைச் சரிசெய்யுங்கள். வேலையைச் சுருக்கக் குறுக்குவழி பழகிவிட்டார் என்றால் கூட நின்று திருத்துங்கள். தெரிந்தே, ஆபத்து புரிந்தே செய்கிறார் என்றால் மட்டும்தான் ஒழுங்கு நடவடிக்கை. வார்டில் ஐந்து ஸ்டாஃப் இருந்தும் ஆறு நோயாளிக்கு ஊசி போடாமல் கையெழுத்து இருந்தால் அது மூன்றாவது வகை.

அதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஃபார்மசியிலிருந்து அந்த நோயாளி பெயரில் எத்தனை வயல் வந்தது, பெட்டியில் எத்தனை மிச்சம், சார்ட்டில் எத்தனை கையெழுத்து என்று ஓவர் எடுக்கும் (ஷிப்ட் மாறும்போது பொறுப்பு வாங்கும்) நேரத்தில் எண்ணுங்கள். வைட்டல்ஸில் (காய்ச்சல், நாடி, மூச்சு போன்ற அளவுகளில்) பொய் இருக்கிறதா என்று பார்க்க, அவற்றை எழுதும் டி.பி.ஆர். சார்ட்டில் சுவாச எண்ணிக்கையைப் பாருங்கள். வார்டு முழுக்க எல்லோருக்கும் 20 என்று இருந்தால் யாரும் எண்ணவில்லை. அந்த ஸ்டாஃபையும் கூட்டிக்கொண்டு ஒரு படுக்கைக்குப் போய், கைக்கடிகாரத்தைப் பார்த்து முழு ஒரு நிமிடம் இருவரும் எண்ணுங்கள். 20 என்று எழுதியிருந்த இடத்தில் 28 வந்தால் அதற்கு மேல் நீங்கள் பேச வேண்டியதில்லை. வரும் எண்ணை உடனே டியூட்டி டாக்டரிடம் சொல்லுங்கள். பொறி வைப்பதுபோல ஒருவரை மட்டும் சோதிக்காதீர்கள். எல்லா ஷிப்டிலும், எல்லோருக்கும், வாரத்துக்கு இரண்டு படுக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேச வேண்டிய இடம் ட்ரீட்மென்ட் ரூம். நோயாளியின் அட்டெண்டர்கள் காதில் விழக்கூடாது. டியூட்டி முடியும் கடைசி ஐந்து நிமிடத்தில் பேசாதீர்கள், பஸ் போய்விடும் என்ற கவலையில் எதுவும் உள்ளே போகாது. வயதில் மூத்த ஏ.என்.எம். (துணைச் செவிலியர்) ஆக இருந்தால் வழக்கம்போல "அக்கா" என்றே கூப்பிடுங்கள். மரியாதை குறைந்தால் பேச்சு மரியாதையைப் பற்றியதாகத் திரும்பிவிடும், மருந்தைப் பற்றி இருக்காது. "நேத்து நைட்டு 7ஆம் பெட்டுக்கு பத்து மணி ஊசிக்கு உங்க கையெழுத்து இருக்கு, வயல் அப்படியே இருக்கு. என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். பதில் வரும் வரை நடுவில் பேசாதீர்கள். அவர் சொன்னதை அவர் சொற்களிலேயே அன்றைக்கே எழுதுங்கள்.

எழுத்துக்கு வருவோம். பெரும்பாலான மெமோக்கள் "தாங்கள் பணியில் பொறுப்பற்ற முறையில் நடந்துகொள்வதாகத் தெரியவருகிறது" என்று தொடங்குகின்றன. இதில் தேதி இல்லை, இடம் இல்லை, மறுக்கவும் ஒப்புக்கொள்ளவும் எதுவும் இல்லை. எடுத்துக்காட்டாக இப்படி எழுதலாம்: "12ஆம் தேதி இரவுப் பணியில் ஆண்கள் வார்டு 7ஆம் படுக்கைக்கு இரவு 10 மணி செஃப்ட்ரியாக்சோன் 1 கிராம் ஐ.வி. கொடுக்கப்பட்டதாக மருந்துச் சார்ட்டில் உங்கள் கையெழுத்து உள்ளது. 13ஆம் தேதி காலை 7.40க்கு ஓவர் எடுக்கும்போது அந்த டோஸுக்கு வழங்கப்பட்ட வயல் சீல் உடையாமல் நோயாளியின் மருந்துப் பெட்டியில் இருந்தது. உடன் பார்த்தவர்: காலை ஷிப்ட் ஸ்டாஃப். 7.50க்கு டியூட்டி டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது. இது பற்றி உங்கள் விளக்கத்தை மூன்று நாளுக்குள் எழுத்தில் தரவும்." இவ்வளவுதான். "பொய்", "திருட்டு", "ஏமாற்று" என்ற சொற்கள் விசாரணைக்கு முன் வரக்கூடாது. நோயாளியின் பெயரும் வேண்டாம், ஐ.பி. எண் (உள்நோயாளி எண்) போதும். ஓசூர்ப் பக்கம் கன்னடமோ தெலுங்கோ மட்டும் வாசிக்கத் தெரிந்தவர் இருந்தால் அந்த மொழியில் வாசித்துக் காட்டி, வாசித்துக் காட்டியவர் கையெழுத்தையும் வாங்குங்கள். புரியாத மொழியில் கொடுத்த குற்றச்சாட்டு விசாரணையில் நிற்காது.

வாங்க மறுத்தால் சண்டை போடாதீர்கள். காகிதத்தின் கீழே "வாசித்துக் காட்டப்பட்டது, வாங்க மறுத்தார்" என்று தேதி, நேரத்தோடு எழுதி, பார்த்த இருவர் கையெழுத்து வாங்குங்கள். வீட்டு முகவரிக்கு அஞ்சலில் அனுப்புவது நிர்வாகத்தின் வேலை, நீங்கள் அனுப்ப வேண்டாம்.

காணாமல் போன மெமோ பற்றி. எந்தக் காகிதமும் இரண்டு நகல். ஒன்று அலுவலகத்துக்கு, மற்றொன்றில் இன்வர்டு (வரவுப் பதிவு) எண்ணும் சீலும் வாங்கி உங்கள் கோப்பில். சீல் வைக்க மறுத்தால் அதே விஷயத்தை மருத்துவமனையின் அதிகாரபூர்வ மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். கேஸ் ஷீட்டை உங்கள் சொந்தப் போனில் படமெடுத்து வைக்காதீர்கள். நோயாளியின் ரகசியத்தை மீறியதாக உங்கள் மேலேயே திரும்பும். அசல் சார்ட் மெடிக்கல் ரெக்கார்ட்ஸில் இருக்கட்டும், உங்கள் குறிப்பில் ஐ.பி. எண், தேதி, பக்கம் இருந்தால் போதும்.

இப்போது நிர்வாகத்துக்கு எழுதும் கடிதம். முதலில் உங்களுக்கு நேர் மேலே இருப்பவருக்கு, ஏழு நாளில் பதில் இல்லையென்றால் அதே கடிதத்தை இணைத்து எம்.டி.க்கு (நிர்வாக இயக்குநருக்கு). படியைத் தாண்டினால் பேச்சு உங்கள் ஒழுங்கைப் பற்றியதாக மாறிவிடும். ஒரே பக்கம். மூன்று சம்பவம், தேதியோடு. நோயாளிக்கு என்ன ஆபத்து. நீங்கள் இதுவரை செய்தது. பிறகு கேட்பது: எழுத்து எச்சரிக்கை, மறுபயிற்சி, முறையான விசாரணை, இவற்றில் எது என்று குறிப்பிட்ட தேதிக்குள் தெரிவிக்கவும். கடைசி வரிதான் முக்கியம்: "பதில் வரும் வரை நோயாளி பாதுகாப்புக்காக இன்ன தேதி முதல் இவர் இன்னொரு ஸ்டாஃபின் இரண்டாவது கையெழுத்துடன் மட்டும் ஊசி மருந்து கொடுப்பார்." இது உங்கள் அதிகாரத்துக்குள் உள்ள டியூட்டி ஒதுக்கீடு. தண்டனையும் இல்லை. இதை வேண்டாம் என்று சொல்ல வேண்டுமானால் நிர்வாகம் எழுத்தில் சொல்ல வேண்டும். எழுதினால் பொறுப்பு அவர்களுடையது, எழுதாவிட்டால் நோயாளி பத்திரம்.

"ஆள் கிடைக்கல" என்ற பதிலை அலட்சியம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பெங்களூரு பக்கத்திலேயே இருக்கிறது. ஓசூரில் பஸ் ஏறினால் கூடுதல் சம்பளம் தரும் மருத்துவமனைகள் வரிசையாக இருக்கின்றன. முதலாளிக்கு அந்தப் பயம் உண்மையான பயம். அதனால் ஆளை அனுப்புங்கள் என்று கேட்காமல், இருக்கும் ஆளைப் பாதுகாப்பாக வைத்து வேலை வாங்கும் வழியைக் கொடுங்கள். அவர்களுக்குப் புரியும் மொழியிலும் சொல்லுங்கள். 1995இல் உச்ச நீதிமன்றம் வி.பி. சாந்தா வழக்கில் கட்டண மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று தீர்ப்பளித்தது. நர்ஸின் தவறுக்கு மருத்துவமனையும் பதில் சொல்ல வேண்டும். அப்படி வழக்கு வந்தால் முதலில் கேட்கப்படுவது இந்த மருந்துச் சார்ட்தான். என்.ஏ.பி.ஹெச். (மருத்துவமனைகளின் தரத்தைச் சோதிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரத்துக்கு முயல்கிறார்கள் என்றால் இன்னும் நல்லது: ஒழுங்கு நடவடிக்கைக்கும் குறைதீர்ப்புக்கும் எழுதப்பட்ட நடைமுறை இருக்க வேண்டும் என்பது அதன் மனிதவள அத்தியாயத்தில் உள்ள தேவை. அந்த நடைமுறையை நானே வரைந்து தருகிறேன் என்று முன்வாருங்கள். இரண்டு பக்கம் போதும். எம்.டி. கையெழுத்துப் போட்ட பிறகு அது உங்கள் சொந்த விருப்பமாக இருக்காது, மருத்துவமனையின் விதியாகிவிடும்.

வேண்டியவர் விஷயத்தில் ஒரே நெறி: அவருக்கும் மற்றவருக்கும் ஒரே காகிதம், ஒரே சொற்கள், ஒரே கால அவகாசம். அவர் மேல் நடவடிக்கை இல்லாமல் போனால் அதே தவறுக்கு ஆதரவில்லாத இன்னொரு ஸ்டாஃபுக்குத் தண்டனை பரிந்துரைக்காதீர்கள். பயிற்சியும் இரட்டைக் கையெழுத்தும் மட்டும் போதும். வேண்டாதவரிடம் மட்டும் கண்டிப்பு காட்டும் இன்சார்ஜை வார்டு ஒருநாளும் மன்னிக்காது, அது நியாயமும்கூட. அவரைப் பற்றிப் பேசும்போது உறவைக் குறிப்பிடாமல் சம்பவத்தை மட்டும் பேசுங்கள். அந்த வார்டு நோயாளிகளின் கன்சல்டன்ட் டாக்டரிடம் விடுபட்ட டோஸை ஒவ்வொரு முறையும் தெரிவித்து, அவர் கேஸ் ஷீட்டில் எழுதட்டும். டாக்டரின் எழுத்துக்கு நிர்வாகத்தில் வேறு எடை.

செய்யக்கூடாதவை சில. தொடர்ந்து நைட் போட்டுப் பழிவாங்காதீர்கள், உங்கள் கோப்பு முழுவதும் அதோடு வீணாகிவிடும். மூன்று லேட்டுக்கு ஒரு நாள் சம்பளம் என்ற வழக்கத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். வராத நேரத்துக்கு அந்த அளவுக்கு மட்டுமே பிடிக்கலாம். அபராதம் என்றால் விளக்கம் கேட்காமல் விதிக்க முடியாது, அந்தச் சம்பள காலத்தின் 3 சதவீதத்தைத் தாண்ட முடியாது, தவணையாகப் பிடிக்க முடியாது, விதித்து 90 நாள் கழிந்தால் வசூலிக்கவும் முடியாது. அசல் சான்றிதழைப் பிடித்து வைத்து மிரட்டும் வேலைக்குத் துணை போகாதீர்கள். மிரட்டி ராஜினாமா எழுதி வாங்குவது, வாட்ஸ்அப் குரூப்பில் பெயர் போட்டுத் திட்டுவது, எல்லோர் முன்னும் மன்னிப்புக் கேட்க வைப்பது, எதுவும் வேண்டாம்.

உங்கள் மட்டத்தில் வைத்துக்கொள்ளவே கூடாத இரண்டு உண்டு. மார்ஃபின், ஃபென்டனில் போன்ற போதை தரும் வலிநிவாரணிகளின் ஆம்பூல் (ஊசி மருந்துக் கண்ணாடிக் குழல்) எண்ணிக்கை குறைந்தால் அதே ஷிப்டுக்குள் டியூட்டி டாக்டர், ஃபார்மசிஸ்ட், மெடிக்கல் சூப்பரின்டென்டென்ட் மூவருக்கும் எழுத்தில் போக வேண்டும். பயன்படுத்திய காலி ஆம்பூலையும் சேர்த்து எண்ணி ஓவர் கொடுக்கும் பழக்கம் இருந்தால் எந்த ஷிப்டில் போனது என்று தெரியும். மற்றது பாலியல் தொல்லைப் புகார். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். "பேசி முடிச்சுக்கலாம்" என்று நீங்கள் சமாதானம் செய்யப் போகாதீர்கள், அந்த மூன்று மாதம் ஓடிவிடும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் வேலை செய்பவர்களுக்குப் பாதை வேறு. அங்கே தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகள். சிறு தண்டனைக்கு விதி 17(அ), பெருந்தண்டனைக்கு விதி 17(ஆ), பின்னதற்கு முறையான விசாரணை கட்டாயம். வார்டு இன்சார்ஜ் குற்றச்சாட்டு வழங்க முடியாது. நர்சிங் சூப்பரின்டென்டென்ட் வழியாக நிலைய மருத்துவ அலுவலருக்கு அறிக்கை தருவதோடு உங்கள் வேலை முடிகிறது. ஒப்பந்த நிறுவனத்தின் துப்புரவுப் பணியாளர் என்றால் அவர்களுடைய சூப்பர்வைசரிடம் எழுதுங்கள், நேரடியாக மெமோ கொடுக்காதீர்கள்.

எதுவும் நகராமல், போடாத மருந்துக்கு நீங்களே இரண்டாவது கையெழுத்துப் போடுங்கள் என்றோ, பழைய சார்ட்டை மாற்றி எழுதுங்கள் என்றோ கேட்கும் நிலை வந்தால் எழுத்தில் மறுத்துவிடுங்கள். சார்ட்டில் திருத்தம் என்றால் ஒற்றைக் கோடு, திருத்தியவர் கையெழுத்து, திருத்திய தேதி, நேரம். வேறு வழி கிடையாது. அந்த இடத்தில் தொடர வேண்டாம் என்று முடிவு செய்தால் நியமன ஆணையில் உள்ள நோட்டீஸ் காலத்தைக் கொடுத்து, நார்க்காட்டிக் பதிவேடு, அவசர மருந்து ட்ராலி, உபகரணங்கள், நிலுவையில் உள்ள இன்சிடென்ட் ரிப்போர்ட்டுகள் ஆகியவற்றை எண்ணிக்கையோடு ஒப்படைத்து, பொறுப்பு ஏற்பவரின் கையெழுத்து வாங்கிய நகலை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.